கடல்பாசி டானிக்னு சொல்லி யூரியா தண்ணிய தலைல கட்டிட்டாங்க, உஷார்

செடிக்கு அடிக்க கடல்பாசி திரவம் வாங்கப்போறீங்கன்னா ஒரு நிமிஷம் இத படிச்சிட்டு வாங்குங்க.

"முழுக்க கடல்பாசி சாறு, வேற எதுவும் கலக்கல"னு லேபிள் ஒட்டுன ஒரு கேன் வாங்கினேன். பேரு சொல்லல, சொன்னா நாளைக்கே வேற பேர்ல வருவான். அடிச்ச நாலாம் நாளே இலையெல்லாம் கரும்பச்சை, எனக்குத் தலைகால் புரியல, பாக்குறவங்ககிட்டல்லாம் நானே விளம்பரம் பண்ணிட்டு திரிஞ்சேன். அங்கதான் கோட்டை விட்டேன். கடல்பாசி சாறுல தழைச்சத்து (நைட்ரஜன்) ரொம்ப சொற்பம், பெரும்பாலும் 1 சதவீதம்கூட தேறாது, அது வேலை செய்றதே சைட்டோகைனின், ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன், வறட்சி தாங்க உதவுற பீட்டைன் மாதிரி துளியூண்டு இருக்குற சமாச்சாரத்தாலதான், பலன் வேர்லயும் வறட்சி தாங்குறதுலயும் தெரியணும், நாலு நாள்ல இலை கரும்பச்சையா வந்தா, யூரியா மாதிரி தழைச்சத்து உரம் கலந்திருக்கோன்னு சந்தேகப்பட்டிருக்கணும்.

ரெண்டாவது ரவுண்டுல ஒண்ணும் தெரியலன்னு விக்கிறவருக்கு போன் போட்டா, "டோஸ் பத்தல சார், டபுளா அடிங்க"ங்கிறார். நானும் அடிச்சேன் பாருங்க, ஓரமெல்லாம் தீஞ்சு போச்சு. (நெஜ கடல்பாசி சாறே அளவு மீறினா வளர்ச்சிய அமுக்கும், விதை முளைக்கிறதே கொறையும். டபுள் அடிங்கன்னு சொல்றவன நம்பாதீங்க.)

அப்புறம்தான் புத்தி வந்து ஒழுங்கா டெஸ்ட் பண்ணேன். ஒரே மண்ணு, ஒரே வெயிலு, பச்சைப்பயறு மூணு செட். ஒண்ணுக்கு வெறும் தண்ணி, ஒண்ணுக்கு கேன் திரவம், ஒண்ணுக்கு யூரியா லேசா கரைச்சது. மூணு வாரம் கழிச்சு வேர மண்ணு போக அலசி வெள்ளத் துணில பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, கேன் செடியும் யூரியா செடியும் அச்சு அசல் ஒண்ணு, இலை மட்டும் கரும்பச்சை, வேரு வெறும் தண்ணி செடிய விட ஒரு நூலு கூட நீளமில்ல. விக்கிறவங்க காட்டுற "முன்னே பின்னே" போட்டோவுல இந்த யூரியா செட்டு இருக்கவே இருக்காது, கவனிச்சிருக்கீங்களா?

இன்னொண்ணும் பண்ணேன். வேகவைக்காத சோயாவ அரைச்சு கேன் திரவத்துல போட்டு வெதுவெதுப்பா மூடி வச்சேன், சோயால இருக்குற யூரியேஸ்ங்கிற நொதி யூரியாவ அமோனியாவா உடைக்கும். அரை மணி கழிச்சு மூடிய திறந்ததும் மூக்குல சுள்ளுனு ஏறுச்சு. தண்ணில சோயா போட்டதுல வெறும் பயறு வாசம்தான். டிஷ்யூ பேப்பர்ல கேன் திரவம் ஒரு சொட்டு விட்டா நடுவுல பழுப்பு, ஓரத்துல நீல வளையம். சாயம்!

சில கம்பெனி சத்து சேத்து லேபிள்லயே போடுவாங்க, அது வேற, அத தப்பு சொல்லல.

காசு திருப்பிக் கேட்டேன், ப்ளாக் பண்ணிட்டாரு. மிச்சம் அரை கேன் கெடக்கு, யூரியான்னு நெனச்சு நல்லா நீர்க்க கலந்து செடிக்கு ஊத்தித் தீத்துட்டு இருக்கேன்.