சேர்ந்து மனுவா, தனியே வழக்கா?

காரைக்குடிப் பக்கம் மணமுறிவுப் பேச்சு எழுந்ததும் பெட்டகத்திலிருந்து முதலில் வெளியே வருவது, திருமணத்தின்போது எழுதிய சாமான் பட்டியல்தான். வெள்ளிக் குத்துவிளக்கு முதல் பெண்ணின் தலைப்பெழுத்து வெட்டிய எவர்சில்வர் தூக்கு வரை அதில் இருப்பதால், சீரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும்; ஜீவனாம்சமும் குழந்தையும்தான் இழுக்கும்.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனுச் செய்ய, குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அடுத்த 6 மாதக் காத்திருப்பைத் தக்க சூழலில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. ஆனால் தீர்ப்புக்கு முன் ஒருவர் ஒப்புதலை விலக்கிக்கொண்டால் மனு நிற்காது. ஆகவே தொகை, தவணை, பள்ளிக் கட்டணம், விடுமுறையில் பிள்ளை யாரிடம் என்பவற்றை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

13ஆம் பிரிவில் தனியே வழக்காடினால் கொடுமை, கைவிடல் போன்ற காரணத்தை நிரூபிக்க வேண்டும், ஆண்டுகள் ஓடும். ஆயினும் கணவர் வருமானத்தை மறைக்கிறார் என்றால் இவ்வழியே மேல் என்பேன்: 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம், 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இருவரும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும்.

5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம். அதற்கு மேல், அப்பத்தா (அப்பாவின் தாய்) வீடா ஆயா (அம்மாவின் தாய்) வீடா என்பதைப் பிள்ளையின் நலனைக் கொண்டே நீதிமன்றம் முடிவு செய்யும்.