டிவிடி திக்குகிறதா? லென்ஸ் மாற்ற ஓடாதீர்கள்

மொத்தம் 2,350 ரூபாய் தண்டம். வீடியோவை டிவிடியாக மாற்ற 1,200, ப்ளேயருக்கு லென்ஸ் மாற்ற 750, "எச்டி குவாலிட்டி" என்ற பெயரில் 400. கடை ராமநாதபுரத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம். பழைய கல்யாண கேசட், காதுகுத்து வீடியோ என்று தூக்கிக்கொண்டு இப்படிக் கடைகளுக்குப் போகிறவர்கள் நம் பக்கம் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்த பிறகு அப்பத்தாவைக் கூட்டிப் போய் ரோட்டுப் பாலத்தில் நிறுத்திக் காட்டினேன். நடுவில் இருக்கும் தூக்கு மட்டும் லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும் என்று சொன்னேன். பேசாமல் பார்த்தது. "எல்லாஞ் சரிதான். ஒங்க தாத்தா வேலை பாத்த பாலத்துல ரயிலு போறத ஒரு தடவை பாக்கணுமே" என்றது. தாத்தா அந்த லைனில் கேங்மேன். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்தி அப்போதே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆனால் வீடியோ இருந்தது. 2005-இல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது ஹேண்டிகாமில் மினி டிவி (MiniDV) என்ற சின்னக் கேசட்டுகளில் எடுத்தது. 2007-இல் அகலப் பாதை வருவதற்கு முந்தைய மீட்டர் கேஜ் ரயில், ரோட்டுப் பாலத்தில் நின்று எடுத்த காட்சி. அப்புறம் பாம்பன் ஸ்டேஷன், தம்பி காதுகுத்து, தாத்தா. மூன்று மணி நேரம் ஓடும். அந்தக் காலத்திலேயே சித்தப்பா கேசட்டுகளை அப்படியே ஹார்டு டிஸ்கில் ஏற்றி வைத்திருந்தார். மணிக்கு 13 ஜிபி வீதம், 40 ஜிபிக்குப் பக்கம்.

பென்டிரைவ் சொருகுகிற டிவி வாங்கிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பத்தா வீட்டில் இருப்பது அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் டிவியும் ஒரு டிவிடி ப்ளேயரும்தான். அது இரண்டும் போதும் என்பது அப்பத்தாவின் முடிவு.

அந்த ஃபைல்களோடு, என் போனில் எடுத்த புதுப் பாலத்து வீடியோ இருபது நிமிடத்தையும் கடையில் கொடுத்தேன். "எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல போட்டுரலாம்க்கா" என்றார். ஒரே டிஸ்க், ஒரே செலவு. எனக்குச் சந்தோஷம்தான்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் ரயில் தண்டவாளத்தில் போகவில்லை, படிக்கட்டில் இறங்குகிற மாதிரி தடக் தடக்கென்று வெட்டி வெட்டிப் போகிறது. ஒவ்வொரு பெட்டியும் கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்கிறது. ஸ்டேஷனில் ஆட்கள் சும்மா நிற்கிற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேமராவைத் திருப்பினாலோ ரயில் ஓடினாலோதான் திக்குகிறது. சத்தம் மட்டும் ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. இந்த இரண்டையும் அன்றைக்கே யோசித்திருந்தால் 1,150 ரூபாய் மிச்சம்.

கடைக்குப் போன் போட்டேன். "ப்ளேயர் வாங்கி எத்தனை வருசம்க்கா? கடலோரமா? அப்ப லென்ஸ்தான். உப்புக்காத்து தின்னுரும்."

நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன செய்வது? இங்கே ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, ஃபேன் இறக்கை எதைத்தான் உப்புக்காற்று விட்டுவைத்திருக்கிறது? தாத்தா வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் அந்தப் பாலத்தில் துருவைச் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் ஓயவே இல்லை. அந்த வீட்டுப் பேத்தியிடம் உப்பு என்று சொன்னால் மறுபேச்சு ஏது? ப்ளேயரைப் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய் லென்ஸ் மாற்றிக்கொண்டு வந்தேன். அதே தடக் தடக்.

அடுத்து, டிஸ்க்தான் சரியில்லை என்றார். 400 ரூபாய் கூடக் கொடுத்தால் "எச்டி குவாலிட்டி"யில் வேறு டிஸ்க். அதையும் கொடுத்தேன். அதிலும் ரயில் அப்படியேதான் போனது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், சாதாரண டிவிடி ப்ளேயரில் ஓடுகிற டிவிடியில் எச்டி என்று ஒன்றே கிடையாது. நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிதான். அதற்கு மேல் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள்.

கண்ணைத் திறந்தது அப்பத்தாதான். "பழைய படத் தட்டு மட்டும் நல்லாத்தானே ஓடுது? லென்சு மாத்துறதுக்கு முன்னாடியும் நல்லாத்தானே ஓடுச்சு?"

அன்று ராத்திரியே லேப்டாப்பில் டிஸ்கைப் போட்டு, உள்ளே இருந்த வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்குக்குக் காப்பி செய்தேன். டிஸ்க் கெட்டிருந்தால் காப்பி ஆகும்போதே திணறும், எரர் காட்டும். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. பிறகு அதில் படம் இருக்கும் விஓபி (VOB) ஃபைலை விஎல்சி என்ற ப்ளேயர் மென்பொருளில் ஓட்டினேன். டிவியில் திக்கிய அதே இடத்தில் அதே திக்கல். ஹார்டு டிஸ்கிலிருந்து ஓடும் ஃபைலுக்கு லென்ஸ் ஏது, உப்பு ஏது? கோளாறு மாற்றிய விதத்தில்தான். இந்த ஒரு சோதனைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கடைக்காரரிடம் வாக்குவாதம் செய்யும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டு ஃபைலையும் திறந்து பார்த்தேன். சித்தப்பாவின் ஒரிஜினல் வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம், 576 வரி. கடைக்காரர் கொடுத்தது 29.97 ஃபிரேம், 480 வரி. அது அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து என்டிஎஸ்சி (NTSC) முறை. 25 படத்தை 30 ஆக்க வேண்டுமென்றால் ஐந்து படத்துக்கு ஒரு படத்தை இரண்டு தடவை காட்ட வேண்டும். அதாவது வினாடிக்கு ஐந்து தடவை ரயில் நின்று நின்று போகும். நான் பார்த்தது அதைத்தான்.

ஏன் அப்படி ஆனது? பாதித் தப்பு என்னுடையது. புதுப் பாலம் முதலில் வரட்டும் என்று சொன்னது நான்தான். போன் வீடியோ 30 ஃபிரேம். எடிட்டிங் மென்பொருள் முதலில் போடுகிற கிளிப்பைப் பார்த்து மொத்தத்துக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்கிறது. கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அது தொழில் தெரியாதது என்று விட்டுவிடலாம். தெரியாததை மறைக்க லென்ஸை விற்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று. 3 மணி 20 நிமிடத்தை 4.7 ஜிபி டிஸ்கில் அடைத்தால் வினாடிக்கு சுமார் 3 மெகாபிட் தகவலுக்குத்தான் இடம் கிடைக்கும். அதனால்தான் பாலத்துக்குக் கீழே கடல் சதுரம் சதுரமாக உடைந்தது. திக்கல் வேறு, சதுரம் வேறு. இரண்டுக்கும் காரணம் வேறு.

நானே உட்கார்ந்து எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருள் கொண்டு மாற்றினேன். மணி நேரத்துக்கு ஒரு டிஸ்காக மூன்று, பால் முறை, 25 ஃபிரேம், வினாடிக்கு 7 மெகாபிட். டிவிடியில் வீடியோவுக்கு 9.8 வரை இடம் உண்டுதான், ஆனால் உச்சத்துக்குப் போனால் பழைய ப்ளேயர் மூச்சு வாங்கும். போன் வீடியோவைச் சேர்க்கவில்லை. 30-ஐ 25 ஆக்கினாலும் திக்கும், அது போனிலேயே இருக்கட்டும். லேப்டாப்பில் ரயில் வழுக்கிக்கொண்டு போனது. டிவியில் போட்டால் மறுபடி நடுக்கம்! ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மினி டிவி கேசட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதியாகத்தான் பதிவாகும். ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் ஒரு பாதி. அதில் கீழ்ப் பாதி எனப்படும் இரட்டைப்படை வரிகள் முதலில் வரும். நான் மேல் பாதி, அதாவது ஒற்றைப்படை வரிகள், முதலில் என்று போட்டிருந்தேன். லேப்டாப் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டிவிடுவதால் அங்கே தெரியவில்லை, பாதி பாதியாகக் காட்டும் குழாய் டிவியில் தெரிந்துவிட்டது. மீடியாஇன்ஃபோ "பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்" என்று தெளிவாகவே காட்டியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. நல்லவேளை, அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்கில் சோதித்தேன். அதைச் சரிசெய்து, 4 எக்ஸ் வேகத்தில் ரைட் பண்ணியதும் ரயில் ரயிலாகப் போனது. தாத்தா வருவது பதினோரு வினாடிதான், தோளில் சுத்தியலோடு பிளாட்பாரத்தில் நடக்கிறார். அப்பத்தா செருப்பைத்தான் பார்த்தது. "புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தேன், போடவே இல்ல பாரு."

கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், காப்பி கொடுங்கள். பால், 25 ஃபிரேம், டிஸ்குக்கு ஒரு மணி நேரம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஏதாவது ஓடுகிற, நகர்கிற இடமாகப் பார்த்து இரண்டு நிமிடம் மட்டும் ஆர்டபிள்யூவில் போட்டுத் தரச் சொல்லி உங்கள் வீட்டு டிவியில் பார்த்த பிறகு மீதிப் பணம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாருக்கா சொல்லிக்குடுத்தா?" என்றார். அந்த 400-ஐ எடுத்து வைத்தார். 1,200-க்கு "வேலை பாத்தோம்லக்கா" என்றார். லென்ஸ் காசு கேட்டேன், மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க முடியாதாம். சரி, என் பழைய லென்ஸையாவது கொடுங்கள் என்றேன். "அது அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சுக்கா." நல்லா ஓடிக்கொண்டிருந்த லென்ஸ். இப்போது எந்த வீட்டு ப்ளேயரில் 750 ரூபாய்க்கு உட்கார்ந்திருக்கிறதோ.