டிஸ்க்கா, டவுன்லோடா: இரண்டையும் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

தில்லி மயூர் விகாரில் உள்ள எங்கள் வீட்டு அலமாரியில் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) காலத்திலிருந்து சேர்ந்த வீடியோ கேம் டிஸ்க்குகள் இருக்கின்றன. அவற்றைவிட அதிகமான கேம்கள் ஆன்லைன் கணக்கில் இருக்கின்றன. இரண்டையும் புழங்கிப் பார்த்ததில், விற்ற நிறுவனத்தின் சர்வர் நின்றாலும் ஓடக்கூடிய கேமுக்குத்தான் முழு விலை கொடுக்கலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

டிஸ்க்கின் பெரிய பலன், அது கைமாறும் என்பது. கனாட் பிளேஸுக்கு அடியில் இருக்கும் பாலிகா பஜாரில், ஆடி முடித்த கேமைக் கொடுத்து, மேற்கொண்டு கொஞ்சம் பணம் போட்டு வேறொன்றை வாங்கி வரலாம். கடைக்காரர் டிஸ்க்கை விளக்குக்கு நேராகச் சாய்த்து, விளிம்பிலிருந்து நடுத்துளை வரை கீறல் பார்த்த பிறகே விலை சொல்வார். ப்ளூ-ரே வகையான இந்த டிஸ்க்குகளின் மேற்பூச்சு டிவிடியுடையதைவிடக் கடினமானது என்பதால், பெட்டியிலேயே வைத்துப் பழகியவர்கள் அந்தச் சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. விடுமுறைக்கு வரும் என் தங்கை மகன் விருப்பமானவற்றைச் சென்னைக்கு எடுத்துச் செல்கிறான். கணினி கேம்களை ஆன்லைனில் விற்கும் ஸ்டீம் தளத்தின் கணக்கை அப்படி இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க அதன் ஒப்பந்தம் இடம் தரவில்லை.

தள்ளுபடி விலையும் இடமிச்சமும் டவுன்லோடின் நன்மைகள், அதில் மறுப்பில்லை.

ஆனால் டிஸ்க் கையில் இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. 2014இல் வெளிவந்த யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ', தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு தேவைப்பட்ட கேம். அதன் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களும் டவுன்லோட் செய்தவர்களும் ஒருசேர அதை இழந்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இது நியாயமே அல்ல. மறுபுறம், ஜிஓஜி தளத்தில் வாங்கிய கேம்களின் இன்ஸ்டாலர் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். புது லேப்டாப்பில் இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவியபோதும் அவை தடையின்றி ஓடின. 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் கலிஃபோர்னியச் சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது: விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், நிரந்தரமாகத் தரவிறக்கி இணையமின்றிப் பயன்படுத்தக்கூடியவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நின்டெண்டோவின் கேம் கருவியான ஸ்விட்ச் 2இன் கேம்-கீ கார்டுகளில் கேமே கிடையாது; கார்டைச் செருகிய பிறகு முழுவதையும் டவுன்லோட் செய்ய வேண்டும். ஆகவே வாங்குமுன், கேம்-கீ கார்டா என்று சொல்லும் பெட்டி முகப்பின் கீழ்ப்பகுதியையும், இணையம் கட்டாயமா என்று சொல்லும் பின்பக்கச் சிற்றெழுத்துகளையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.