ஃபோர்லானும் அப்ரேயுவும்: ஊர் ஊராகச் சென்ற இரு உருகுவே முன்கள வீரர்கள்

சுமார் 35 லட்சம் பேர் வாழும் உருகுவேயில், கோல் போடத் தெரிந்த பையனை உள்ளூர் கால்பந்து கிளப்புகளால் நெடுநாள் வைத்துக்கொள்ள முடியாது. அவனை வெளிநாட்டுக்கு விற்று வரும் பணம் அவற்றுக்கு முக்கியமான வருமானம். ஆகவே ஓர் உருகுவே முன்கள வீரர் பல நாடுகளில் ஆடினார் என்பது தனிச் செய்தி ஆகாது. எப்படிச் சுற்றினார், சுற்றியதால் அவருடைய ஆட்டம் என்னவாயிற்று என்பதுதான் பேசத்தக்கது. அந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க டியகோ ஃபோர்லானையும் செபாஸ்டியன் அப்ரேயுவையும் விடப் பொருத்தமான இணை எனக்குத் தெரியவில்லை. அப்ரேயு 1976-இல் பிறந்தவர், ஃபோர்லான் 1979-இல். 2002, 2010 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள். 2011-இல் தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா கோப்பையையும் சேர்ந்தே தூக்கினார்கள்.

முதலில் எண்ணிக்கை. 2017 டிசம்பரில் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோ கிளப்பில் சேர்ந்தபோது, அது அப்ரேயுவுக்கு 26-ஆவது கிளப். மிக அதிகமான கிளப்புகளுக்கு ஆடிய தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று கின்னஸ் அவரைப் பதிவுசெய்தது. 2021-இல் அவர் ஓய்வு பெறும்போது அந்த எண்ணிக்கை 30-ஐத் தாண்டியிருந்தது. ஃபோர்லானுக்கு 10 கிளப்புகள் மட்டுமே. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், சுற்றியவர் அப்ரேயு, நிலைத்து நின்றவர் ஃபோர்லான் என்று முடிவு கட்டிவிடுவார். வரைபடத்தை விரித்துவைத்துப் பார்த்தால் அந்த முடிவு தடுமாறுகிறது. அப்ரேயுவின் கிளப்புகள் 11 நாடுகளில் இருக்கின்றன. ஃபோர்லானின் 10 கிளப்புகள், ஹாங்காங்கையும் தனியாக எண்ணினால், 9 நாடுகளில். அப்ரேயு இஸ்ரேலின் பெய்த்தார் ஜெருசலேமுக்கும் கிரேக்கத்தின் ஆரிஸ் கிளப்புக்கும் சிறிது காலம் போய்வந்தது நீங்கலாக, அவருடைய பயணம் முழுவதும் ஸ்பானியமோ போர்த்துகீசியமோ பேசும் நாடுகளுக்குள்ளேயே நடந்தது. ஃபோர்லானோ ஆங்கிலத்துக்குள்ளும் இத்தாலியத்துக்குள்ளும் ஜப்பானியத்துக்குள்ளும் போனவர். 2014-இல் செரெசோ ஒசாகா அவரை அறிமுகப்படுத்திய மேடையில் அவர் ஜப்பானிய மொழியிலேயே பேசினார். கிளப் மாறுவதும் உலகம் மாறுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் ஃபோர்லான் அப்ரேயுவுக்குச் சற்றும் குறைந்தவரல்லர் என்பது என் கணிப்பு.

ஐரோப்பாவில் முதல் அடி வைத்தபோது இருவருமே தடுக்கி விழுந்தார்கள். அர்ஜென்டினாவின் சான் லொரென்சோவில் பெயர் வாங்கியிருந்த அப்ரேயு, 1998-இல் ஸ்பெயினின் டெபோர்ட்டிவோ லா கொருன்யாவுக்குப் போனார். விரல்விட்டு எண்ணக்கூடிய கோல்களோடு வெளியே அனுப்பப்பட்டார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், ஒப்பந்தம் ஓரிடத்திலும் ஆட்டம் வேறிடத்திலுமாக, பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவே என்று இரவல் வீரராகவே அவர் ஆடினார். அவரை ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவர் என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஃபோர்லானின் சறுக்கல் இன்னும் வெளிச்சமான மேடையில் நடந்தது. 2002 ஜனவரியில் அர்ஜென்டினாவின் இன்டிபென்டியென்டேயிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவர், முதல் கோலுக்கு எட்டு மாதம் காத்திருந்தார். அதுவும் மக்காபி ஹைஃபாவுக்கு எதிராகக் கிடைத்த ஒரு பெனால்டி. அந்த ஆண்டு நவம்பரில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெற்றி கோல் போட்டு, மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றிவிட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கியபோது சட்டை உடலில் ஏறவில்லை. அதைக் கையில் பிடித்தபடி வெற்றுடம்போடு பந்தின் பின்னால் ஓடினார். எட்டு மாதம் கேலியைச் சுமந்த ஒருவரின் தவிப்பு அந்தச் சில நொடிகளில் தெரிந்தது. அடுத்த மாதம் ஆன்ஃபீல்டில் லிவர்பூலின் கோல்கீப்பர் டூடெக்கின் கால்களுக்கிடையே நழுவிய பந்தைத் தட்டி ஒரு கோல், சற்று நேரத்தில் இன்னொன்று. யுனைடெட் ரசிகர்கள் அவரை இன்றுவரை நினைப்பது அந்த ஆட்டத்துக்காகத்தான். ஆனாலும் 98 ஆட்டங்களில் 17 கோல் என்பது யுனைடெட்டின் முன்கள வீரருக்குப் போதாது.

இங்கேதான் இரு பாதைகளும் பிரிகின்றன. 2004-இல் ஃபோர்லானை வாங்கிய வில்யாரியல், ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரின் கிளப். அங்கே நடுக்கள வீரர் ரிக்கெல்மே பந்தைப் பிடித்து நிறுத்தி, தலையைத் தூக்கி, ஃபோர்லானின் ஓட்டத்துக்காகக் காத்திருந்தார். முதல் பருவத்திலேயே 25 கோல். ஸ்பெயினின் முதன்மைக் கோல்காரர் விருதும், ஆர்செனலின் ஹென்றியோடு பகிர்ந்துகொண்ட, ஐரோப்பிய லீக்குகளின் முதன்மைக் கோல்காரருக்கான தங்கக் காலணியும் வந்தன. 2006-இல் அந்தச் சிற்றூர் அணி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. மூன்று பருவங்கள் அங்கே இருந்துவிட்டு அட்லெடிகோ மாட்ரிட்டுக்குப் போனவர், 2008-09 பருவத்தில் 32 கோல் போட்டு அதே இரு விருதுகளையும் மறுபடி வாங்கினார். 2010 யூரோப்பா லீக் அரையிறுதியில், அதே ஆன்ஃபீல்டில், கூடுதல் நேரத்தில் அவர் போட்ட கோல் லிவர்பூலை வெளியேற்றியது. ஹாம்பர்கில் நடந்த இறுதியாட்டத்தில் ஃபுல்ஹாமுக்கு எதிராக அட்லெடிகோவின் இரண்டு கோல்களும் அவருடையவை. இரண்டாவது கோல் 116-ஆவது நிமிடத்தில், அகுவேரோ இடப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தைக் கம்பத்தருகே லேசாகத் திருப்பிவிட்டது.

அப்ரேயுவுக்கு அப்படிப்பட்ட ஒரு வில்யாரியல் வாய்க்கவில்லை. 1.93 மீட்டர் உயரம், இடது கால், தலையால் முட்டுவதில் அபாரத் திறமை என்று அவருடைய ஆட்டத்துக்கான சேர்மானம் எளிது. பந்தை உயரமாகப் பெனால்டி பெட்டிக்குள் அனுப்பத் தெரிந்த எந்த அணியிலும் அவர் வந்திறங்கிய வாரமே பயன்பட்டார். அவருடைய பலமும் வினையும் இதுவே என்று நினைக்கிறேன். உடனடியாகப் பயன்படுபவரை ஆறு மாதத்துக்கு வாங்கினால் போதும் என்று கிளப்புகளுக்குத் தோன்றிவிடுகிறது. மெக்சிகோவின் க்ரூஸ் அசூலுக்காக 2002-இன் ஒரே பருவத்தில் 19 கோல் போட்டு லீக்கின் முதலிடத்தைப் பிடித்தவர் அவர். 2006-இல் குலியாக்கானின் டொராடோஸ் அணியில், தன் ஆட்ட வாழ்வின் கடைசிக் காலத்தில் இருந்த பெப் குவார்டியோலாவோடு சேர்ந்து ஆடினார். அப்ரேயு கோல் மழை பொழிந்தும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பின்னாளில் ஒசாகாவில் ஃபோர்லானுக்கும் இதே கதி நேர்ந்தது: அவர் வந்த ஆண்டிலேயே செரெசோ இரண்டாம் பிரிவுக்குப் போனது.

கிளப் ஆட்டத்தை மட்டும் தராசில் வைத்தால் ஃபோர்லானின் தட்டே கனக்கும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாட்டு அணியிலும் 112 ஆட்டங்களில் 36 கோல் ஃபோர்லானுக்கு. 70 ஆட்டங்களில் 26 கோல் அப்ரேயுவுக்கு. விகிதம் பார்த்தால் அப்ரேயுவே சற்று முன்னால் நிற்கிறார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எனினும் பெரிய மேடையின் கோல்கள் ஃபோர்லானுடையவை: 2010 உலகக் கோப்பையில் ஐந்து, 2011 கோபா அமெரிக்கா இறுதியில் பராகுவேக்கு எதிராக இரண்டு.

கடைசிக் காலத்திலும் இருவரும் வேறுவேறு விதமாகப் பயணப்பட்டார்கள். ஃபோர்லானின் தந்தை பாப்லோ, பெனியரோல் கிளப்பின் வீரர். மகன் அந்தக் கிளப்பின் முதல் அணிச் சட்டையை அணிந்தது 2015-இல், 36 வயதில்தான். அதுவரை உருகுவேயின் எந்தக் கிளப்புக்கும் அவர் முதல் அணியில் ஆடியதே இல்லை. 2015-16 லீக் பட்டத்தை அங்கே வென்றுவிட்டு, 2016-இல் மும்பை சிட்டிக்காக இந்தியன் சூப்பர் லீக்கில் ஆட வந்தார்; கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். 37 வயதில் ஓட்டம் குறைந்திருந்தாலும் இரு கால்களாலும் ஒரே மாதிரி உதைக்கும் அந்தத் திறன் அப்படியே இருந்தது. அப்ரேயுவோ பெனியரோலின் பரம எதிரியான நாசியோனாலின் ஆள். அந்தக் கிளப்புக்கு மீண்டும் மீண்டும் திரும்பினார். பிறகு எக்வடோர், பராகுவே, எல் சல்வடோர், சிலி என்று சின்னச் சின்ன கிளப்புகளில், 44 வயது வரை 13-ஆம் எண் சட்டையைக் கழற்றாமல் ஆடினார். இதைப் பதிவுப் புத்தகத்துக்கான ஆசை என்று சொல்வோர் உண்டு. புகழும் பெரும் ஊதியமும் இல்லாத மைதானங்களில் அத்தனை வயதில் முழங்காலைத் தேய்ப்பவரை ஆசை மட்டும் இழுத்துப்போகாது.

அப்ரேயுவைத் தனியே நிறுத்தும் ஒன்று உண்டு, அது பெனால்டி. 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா, கோல்கீப்பர் ஒரு பக்கம் பாயும் வரை பொறுத்து, பந்தை நடுவில் மெல்லத் தூக்கிவிட்டார். அதே ஆண்டில் பிறந்த அப்ரேயு அந்த உதையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். 2010 ஏப்ரலில் ரியோவின் மரக்கானா மைதானத்தில், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தங்களைத் தோற்கடித்திருந்த ஃபிளமெங்கோவுக்கு எதிராக, அப்போது அவர் ஆடிய போட்டாஃபோகோவுக்கு ரியோ மாநிலப் பட்டத்தை வாங்கித்தந்ததும் அதே உதை.

அந்த ஆண்டு ஜூலை 2 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கானாவுக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதியில் இருவரும் ஒரே களத்தில் இருந்தார்கள். கானா முந்தியபோது ஃப்ரீ கிக்கில் சமன்செய்தவர் ஃபோர்லான். அப்ரேயு பின்பாதியில் மாற்று வீரராக வந்தவர். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கோல் கோட்டின் மேல் உருகுவேயின் சுவாரெஸ் பந்தைக் கையால் தடுத்ததும், கானாவின் ஜியான் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுப் பறந்ததும் உலகம் அறிந்தவை. பெனால்டி முறையில் உருகுவேயின் முதல் உதை ஃபோர்லானுக்கு. அவர் சிக்கலில்லாமல் உள்ளே அடித்தார். ஐந்தாவது உதை அப்ரேயுவுக்கு. அது கோலானால் உருகுவே 40 ஆண்டுகளுக்குப் பிறகு அரையிறுதியில். அவர் ஓடிவந்தார், கானாவின் கோல்கீப்பர் கிங்சன் ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார், பந்து அவசரமே இல்லாமல் எழும்பி, காலியாகக் கிடந்த நடுப்பகுதியில் போய் இறங்கியது. ஒன்பது நாட்கள் கழித்து அந்த உலகக் கோப்பையின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து ஃபோர்லானுக்குக் கிடைத்தது. அப்ரேயு ரியோவுக்குத் திரும்பி, போட்டாஃபோகோவுக்கு விட்ட இடத்திலிருந்து ஆடத் தொடங்கினார்.