பயணத்துக்குக் குரோஷா கண் மாஸ்க்: எந்தத் துணி, எந்தப் பஞ்சு, எந்தப் பட்டி, எந்த நூல்?

இரவு ரயிலில் பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகும் முழு இருட்டு வருவதில்லை. நடைபாதையில் இரவு விளக்கு எரியும். எதிர் பெர்த்தில் யாராவது போனில் படம் பார்ப்பார்கள். விழுப்புரத்திலும் திருச்சியிலும் வண்டி நிற்கும்போது பிளாட்பார வெளிச்சம் ஜன்னல் வழியே நேராக முகத்தில் விழும். ஆம்னி பஸ்ஸில் போனால் எதிரே வரும் லாரிகளின் ஹெட்லைட். இமையை மூடினாலும் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்கிறது. இரவில் கண்ணில் படும் வெளிச்சம் மெலடோனின் சுரப்பைக் குறைத்து, வர வேண்டிய தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை, தெரிந்தவர்களுக்கு இதற்கான விடை கையிலேயே இருக்கிறது. பஞ்சு வைத்துத் தைத்த ஒரு கண் மாஸ்க்கை ஓரிரு மாலைகளில் முடித்துவிடலாம். ஆனால் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "காட்டன் நூலா, அக்ரிலிக்கா?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. உள்ளே என்ன துணி, பஞ்சு எந்த இடத்தில், பின்னால் எப்படிப் பிடிக்கிறது என்ற மூன்றும்தான் தூக்கத்தை முடிவு செய்கின்றன. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

இரண்டு பக்கமும் பின்னலா, உட்பக்கம் துணியா?

இணையத்தில் கிடைக்கும் பல மாதிரிகள் ஒரே அளவில் இரண்டு துண்டு பின்னி, நடுவில் பஞ்சு வைத்து, ஓரத்தைச் சேர்த்து முடிக்கச் சொல்கின்றன. தையலே வேண்டாம் என்பது இதில் பெரிய வசதி. குறையும் உண்டு. எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் குரோஷாவில் கண்ணிக்குக் கண்ணி துளி இடைவெளி இருக்கும். பின்னி முடித்த துண்டைக் குழல் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை வெளிச்சம் வரிசை வரிசையாகத் தெரியும். நடுவில் பஞ்சு இருந்தாலும் வெள்ளைப் பஞ்சு வெளிச்சத்தைப் பரப்பி உள்ளே விடுமே தவிர, நிறுத்தாது. இன்னொன்று, ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குக் காலையில் கன்னத்தில் கண்ணி கண்ணியாகத் தடம் பதிந்திருக்கும்.

முன்பக்கம் மட்டும் பின்னல், உட்பக்கம் துணி என்று செய்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். இங்கே ஒரு விஷயம்: இருட்டைத் தரும் கறுப்புத் துணி முகத்தைத் தொட வேண்டும் என்று அவசியமில்லை. கறுப்பை நடுவில் வைத்துவிட்டு, முகத்தில் படும் பக்கத்துக்கு உங்களுக்கு இதமான துணியைப் போடலாம். நடுவில் வைப்பதற்கு நெருக்கமாக நெய்த கறுப்புப் பாப்ளின் இரண்டு மடிப்பு போதும். துணியின் மேல் போன் டார்ச்சை ஒட்டி அடித்துப் பாருங்கள், மறுபக்கம் ஒன்றும் தெரியக்கூடாது. சாயம் போகிற துணியா என்று முன்கூட்டியே ஒரு முறை அலசிப் பார்த்துவிடுவது நல்லது. வியர்வையில் கறுப்புச் சாயம் முகத்தில் இறங்கினால் சங்கடம். திரைச்சீலைக்குப் போடும் பிளாக்அவுட் துணி இருட்டில் முதலிடம்தான், ஆனால் பூச்சு போட்டது என்பதால் விறைப்பாக இருக்கும், காற்றும் போகாது.

முகத்தில் படும் பக்கத்துக்கு மூன்று போட்டியாளர்கள். சாட்டின் வழுவழுவென்று இருக்கும், தோலில் உராயாது. ஏசி பெட்டியில் சுகம். அதையே மே மாதத்தில் ஏசி இல்லாத ஸ்லீப்பர் பெட்டியில் போட்டால் ஒட்டிக்கொண்டு புழுங்கும், கடையில் விற்கும் சாட்டின் பெரும்பாலும் பாலியஸ்டர் என்பதுதான் காரணம். பட்டு இரண்டு இடத்துக்கும் ஒத்துவரும்; பழைய பட்டு ரவிக்கையில் ஜரிகை இல்லாத பகுதியை வெட்டி எடுத்தால் செலவும் இல்லை. ஆனால் கண் மாஸ்க்கை அடிக்கடி துவைக்க வேண்டும், பட்டை அப்படித் துவைக்க மனம் வராது. மூன்றாவது, ரவிக்கைக்கு எடுக்கும் டூ பை டூ ரூபியா. மெல்லிய, மிருதுவான பருத்தி. என் தேர்வு எப்போதும் இதுதான். எண்ணெய்த் தலை, கண் மை, வியர்வை மூன்றையும் தாங்கி, சோப்புப் போட்டுக் கசக்கவும் விடும்.

பஞ்சு: எது என்பதைவிட எங்கே

பஞ்சு நிறைய இருந்தால் சொகுசு என்று நினைப்பது இயல்பு. ஆனால் கண்ணுக்கு நேரே பருமனான பஞ்சு வந்தால் அது விழியைத்தான் அழுத்தும். காலையில் மாஸ்க்கைக் கழற்றியதும் கொஞ்ச நேரம் பார்வை மங்கலாக இருந்தால் அந்த அழுத்தம்தான் காரணம். வெளிச்சம் நுழைவதோ கண்ணுக்கு நேராக இல்லை, மூக்கின் இரு பக்கமும் இருக்கிற பள்ளம் வழியாக. கடையில் வாங்கும் மெல்லிய மாஸ்க்கும் அங்கேதான் தோற்கிறது. ஆகவே கண்ணுக்கு நேரே பஞ்சு மெலிசாக, நெற்றி ஓரத்திலும் கன்ன எலும்பின் மேலும் நடுத்தரமாக, மூக்கோரத்தில் நன்றாகத் தடிமனாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பஞ்சுகளை எடை போடுவது சுலபம். பொம்மைக்கும் தலையணைக்கும் அடைக்கும் ரெக்ரான் பஞ்சு லேசானது, துவைக்கலாம், சீக்கிரம் காயும். மாஸ்க் முழுக்க அதை அடைத்தால் நாலு துவைப்பில் ஒரு மூலையில் ஒதுங்கி உருண்டையாகிவிடும், மூக்கோரத்துக்கு மட்டும் என்றால் அருமை. இலவம் பஞ்சு குளுமை, தலையணைக்கு அதற்கு ஈடில்லை. கண் மாஸ்க்குக்கு மட்டும் நான் வேண்டாம் என்பேன். அதன் இழை வழுக்கும், பின்னல் இடுக்கு வழியாகவும் தையல் ஓட்டை வழியாகவும் மெல்ல வெளியே வரும், கண்ணுக்கும் மூக்குக்கும் பக்கத்தில் அது பறப்பது நல்லதல்ல. நனைந்தால் திரண்டும் போகும். ஸ்பாஞ்ச் வடிவம் மாறாது, ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைக்கும், தண்ணீர் வடிய நேரமாகும்.

பாக்கி இருப்பது வாடிங் ஷீட், அதாவது பாயாக வரும் பாலியஸ்டர் பஞ்சு. தையல் பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். எங்கும் ஒரே கனம், கத்தரிக்கோலில் வெட்டலாம், ஓரத்தைத் துணியோடு பிடித்துத் தைத்துவிட்டால் நகராது. மாஸ்க் அளவுக்கு ஒரு துண்டு, அதன் மேல் கண் இருக்கும் இடத்தில் இரண்டு வட்டம் வெட்டி எடுத்த இன்னொரு துண்டு. இரண்டையும் சேர்த்தால் கண்ணுக்கு நேரே பள்ளமும் சுற்றிலும் மேடுமாக அமைந்துவிடும். வாடிங் கிடைக்காத ஊரில் பழைய பனியன் துணியை அடுக்கி இதே மாதிரி வெட்டலாம், கனம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அப்புறம் மூக்கோரம். உட்பக்கத் துணியிலேயே சிறு குழாய் தைத்து, பென்சில் தடிமனுக்கு ரெக்ரான் அடைத்து, இப்படி இரண்டு உருளை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நாலு சென்டிமீட்டர் நீளம் போதும். மூக்குக்காக வளைத்த இடத்தின் இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று, மேலே நெருங்கியும் கீழே விலகியும் கூரை போல வைத்து உட்பக்கம் தைக்க வேண்டும். ஒரே நீள உருளையாக வைத்தால் மூக்குத்தண்டின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இன்னும் அதிகமாகத் தூக்கிவிடும். போட்டுப் பார்க்கும்போது கண்ணைத் திறந்து கீழே பாருங்கள். உங்கள் மேலுதடு தெரிந்தால் உருளை இன்னும் பருமனாக வேண்டும். மூச்சு விடும்போது மூக்கு இறுகினால் சற்று விலக்கித் தையுங்கள்.

வட்டமாகப் பின்னிக் கிண்ணம் போல எழுப்புகிற மாதிரியும் ஒன்று உண்டு. இமைமுடி துணியில் படவே கூடாது என்பவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் பையில் திணித்தால் நசுங்கும், பின்னலுக்கு விறைப்பு போதாமல் சில பயணத்திலேயே தொய்ந்துவிடும். மேலே சொன்ன பள்ளமே அந்த வேலையைச் செய்யும்போது இவ்வளவு பாடு தேவையில்லை. கண்ணில் அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் குளுக்கோமா எனும் கண் அழுத்த நோய் இருப்பவர்களும் எந்த மாஸ்க் போடுவதானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டே போடட்டும்.

பட்டி: எலாஸ்டிக், நாடா, பட்டன், வெல்க்ரோ

வெல்க்ரோவை முதலிலேயே தள்ளிவிடலாம். முடியைப் பிடிக்கும், குரோஷா நூலையும் பிடித்து இழுத்துப் பிசிறாக்கிவிடும். இரண்டு பக்கமும் நாடா பின்னிக் கட்டுவது நீண்ட கூந்தல்காரர்களுக்கு வசதி, கொண்டைக்குக் கீழேயோ மேலேயோ வேண்டிய இடத்தில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் மல்லாந்து படுத்தால் முடிச்சு பின்மண்டையில் உறுத்தும், பக்கவாட்டில் முடிச்சு வருமாறு கட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். பட்டனும் துளைகளும் அளவைக் கூட்டிக் குறைக்க நல்ல வழி, ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு அது காதருகே குத்தும்.

எல்லோருக்கும் பொருந்துவது எலாஸ்டிக்தான், மெலிசானது மட்டும் வேண்டாம். இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அழுத்தம் பரவி, தலையில் கோடு விழாது. அளவு எடுப்பது எளிது: தலைச் சுற்றளவில் மாஸ்க் அகலத்தைக் கழித்து, மேலும் மூன்று சென்டிமீட்டர் குறையுங்கள். 55 சென்டிமீட்டர் தலைக்கு, 20 சென்டிமீட்டர் மாஸ்க் என்றால் எலாஸ்டிக் 32. தையலுக்கு இரு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். எலாஸ்டிக்கை வெறுமனே விடாமல் மேலே பின்னலில் ஓர் உறை போட்டால் முடி சிக்காது. உறை எலாஸ்டிக்கைவிட நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீளாது.

நூல், கடைசியாக

உட்பக்கம் துணி வந்துவிட்டதால் நூல் தோலில் படப்போவதில்லை; அதனால்தான் இதைக் கடைசிக்குத் தள்ளினேன். அக்ரிலிக் லேசு, விலை குறைவு, சீக்கிரம் காயும், நிறமும் ஏராளம். ஊர்க் கடைகளில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். சூடு பிடிக்கும், நாள்பட்டால் உருண்டை உருண்டையாகப் பிசிறும், இஸ்திரி பட்டால் துவண்டுவிடும். காட்டன் கனம் கூடுதல், காயவும் நேரமாகும். ஆனால் வியர்வையை உறிஞ்சும், கண்ணி சீராக நிற்கும். நம் ஊர் வெக்கைக்குக் காட்டன், குளிர் நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அக்ரிலிக் என்பது என் தீர்ப்பு. நாலு இழைக் காட்டனுக்கு வழக்கமாக எடுக்கும் மூன்று மில்லிமீட்டர் ஊசிக்குப் பதில் இரண்டரையில் பின்னினால் கண்ணி நெருங்கும். பின்னல், அமெரிக்க மாதிரிகளில் சிங்கிள் குரோஷா என்று சொல்லும் அடிப்படைக் கண்ணியே போதும். பிரிட்டிஷ் மாதிரிகளில் இதையே டபுள் என்று எழுதுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசாகச் செய்கிறீர்கள் என்றால் மாஸ்க்கை முழுசாக முடித்து, எலாஸ்டிக்கின் ஒரு முனையை மட்டும் தைத்து வைத்திருங்கள். வாங்குகிறவர் எப்படிப் படுப்பார், கொண்டை போடுவாரா என்று கேட்டு, தலையில் ஒரு முறை வைத்துப் பார்த்த பிறகு மறுமுனையைத் தைக்கலாம். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் பட்டி வைத்த எதையும் போட்டுத் தூங்க வைக்காதீர்கள், கழுத்துக்கு இறங்கிச் சிக்கிக்கொள்ளும்.