விலைச் சீட்டுக்கு அடியில் இருந்த '6 மாதம்': ஸ்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மகனுக்கு இரண்டு மாதம் முடிந்தபோது ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் மடக்கு வண்டி, வாங்கப் போனோம். வடபழனியில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு, லிஃப்ட் இல்லை. கார் கிடையாது. டாக்டரிடம் போக, அம்மா வீட்டுக்குப் போக எல்லாமே மெட்ரோ, ஆட்டோ, எப்போதாவது கால் டாக்சி. அதனால் எதிலும் ஏற்றக்கூடிய ஒரே வண்டியாக வேண்டும் என்று தி.நகரில் ஒரு பெரிய குழந்தைப் பொருள் கடைக்குப் போனோம்.

"அக்கா, பிறந்த குழந்தையிலிருந்து மூணு வயசு வரைக்கும் இது ஒண்ணே போதும். ஆட்டோ, மெட்ரோ, ஃபிளைட், எல்லாத்துக்கும் ஆகும்" என்றார் கடைக்காரத் தம்பி. வழவழப்பான டைல்ஸ் தரையில் காலி வண்டியை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். விலை 14,500 ரூபாய். பில் கேட்டோம். "ஜிஎஸ்டி போட்டா இன்னும் ஏறும்" என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பணத்தை யுபிஐயில் அனுப்பினோம். பிறகு எங்களைக் காப்பாற்றியது அந்த ஒன்றுதான்.

வீட்டில் படுக்க வைத்துப் பார்த்தபோதே மனதுக்குச் சரியாகப் படவில்லை. சாய்மானத்தை முழுக்க இறக்கியும் அது படுக்கையாகவில்லை, சாய்வு நாற்காலி போலத்தான் நின்றது. அதில் தூங்கும்போது அவன் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் போய் முட்டியது. தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு உடனே தூக்கச் சொன்னார். கழுத்து நிற்காத குழந்தைக்கு அப்படித் தலை மடங்கினால் மூச்சுப்பாதை அடைபடலாம், தானாகத் தலையைத் தூக்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது என்றார். தானாக உட்காரும் வரை மட்டமாகப் படுக்க வைக்கிற வண்டிதான் வேண்டுமாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பத்து நாளாக அவனை அதில்தான் தூங்க வைத்திருந்தேன்.

அன்று இரவு வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இருக்கையின் அடியில் கடையின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் வேறொரு எழுத்து எட்டிப் பார்த்தது. சுரண்டி எடுத்தால் தயாரிப்பாளரின் எச்சரிக்கை: 6 மாதத்துக்குக் குறைவான குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. சரியாக அந்த வரியை மறைத்துத்தான் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள்.

மறுநாளே திருப்பிக் கொடுக்கக் கிளம்பினோம். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காலி வண்டியில் பையைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனேன். மெட்ரோ வேலை நடக்கும் ஆற்காடு சாலையில் நடைபாதைக் கல் பெயர்ந்த இடத்தில் முன்சக்கரம் சிக்கி, தண்டோடு கழன்று வந்துவிட்டது. வண்டி முன்னால் குப்புறச் சாய்ந்தது. உள்ளே குழந்தை இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

கடையில் முதல் பதில், "சக்கரத்துக்கு வாரண்டி கிடையாது மேடம்." அச்சிட்ட எச்சரிக்கையைக் காட்டியபோது, "விற்ற பொருள் திரும்ப வாங்குறதில்ல, போர்டு பாருங்க." அப்புறம், "உங்ககிட்ட பில்லே இல்லையே." பில் கொடுக்காதவர்களே அதைக் கேட்டார்கள்.

இந்த இடத்தில் பலர் திரும்பி வந்துவிடுவார்கள். வராதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. சுவரில் மாட்டிய போர்டு இதை மாற்றாது. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசி, யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, சுரண்டிய சீட்டின் படம் எல்லாவற்றையும் புகாரில் சேர்த்தேன். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

இரண்டு வாரத்தில் கடையிலிருந்து அழைத்தார்கள். முதலில் வேறு மாடல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தேன். கடைசியில் 'தேய்மானம்' என்று 3,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 11,000 கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு இன்னும் அலைய முடியாமல் வாங்கிக்கொண்டேன். அந்த 3,500-ஐ விட்டது இப்போதும் உறுத்துகிறது.

வாங்கப் போகிறவர்கள் குழந்தையோடு போங்கள், வண்டிக்குள் வைத்துப் பாருங்கள். கடை வாசலுக்கு வெளியே சாலையில் தள்ளிப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் மடிக்க முடிகிறதா என்று நீங்களே செய்து பாருங்கள், அவர்கள் மடித்துக் காட்டுவது போதாது. மாடி ஏறுகிறவர்களுக்கு எடை பெரிய விஷயம்: 7 கிலோவுக்கும் 12 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது மாடியில்தான் தெரியும். டாக்சி டிக்கியை நம்பி அளவு பார்க்காதீர்கள், பல வண்டிகளில் அங்கே சிஎன்ஜி சிலிண்டர்தான் இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் சக்கரம் நம் நடைபாதைக்கு ஆகாது. பாண்டி பஜாரின் அகலமான, சமமான நடைபாதையில் ஓடுகிற வண்டி ஆற்காடு சாலையில் ஓடாது. தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனை பெல்ட் கட்டாயம். கைப்பிடியில் பை மாட்டாதீர்கள், குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்னால் சாய்ந்துவிடும்.

போன சனிக்கிழமை அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அதே வண்டி. மாடல் மட்டுமல்ல, எங்கள் வண்டியேதான்: கல்லில் விழுந்தபோது முன்கம்பியில் ஏற்பட்ட நீளக் கீறல் அப்படியே இருந்தது. முன்சக்கரம் புதிது. படம் எடுத்துப் பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறம், கைப்பிடியில் பழுப்பு உறை. தி.நகரில் யாராவது அதைப் பார்த்தால், இருக்கைக்கு அடியில் இருக்கும் விலைச் சீட்டைச் சுரண்டிப் பாருங்கள்.