நான்கு பருவத்தையும் ஒரே டிசம்பரில் விற்றவர்

2 வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ போய் வந்தோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். அந்தப் பயணத்தை விற்றவர் திருப்பிக் கொடுத்த பணத்தின் கடைசித் தவணை போன மாதம்தான் கைக்கு வந்தது, அதனால் இப்போது எழுதுகிறேன். சமரசத்தின்போது ஒப்புக்கொண்டபடி அவர் பெயரைப் போடவில்லை.

கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரம் அது. விமான டிக்கெட் நம் பொறுப்பு. அங்கே தங்குமிடம், வேன், சாப்பாடு, சுற்றிப்பார்ப்பது எல்லாம் சேர்த்து 6 நாளைக்கு 6,900 சிங்கப்பூர் வெள்ளி. விளம்பரம் போட்டவரோடு தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசினோம். "அக்கா, நான் நம்ம ஆளு, உங்ககிட்ட போய் லாபம் பார்ப்பேனா?" என்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் நான் அக்கா. மாமியாரைப் பார்த்து, "அம்மா, உங்களுக்குச் சுத்த சைவம், நான் கேரண்டி" என்று கும்பிட்டார். மாமியார் அந்தப் பேச்சில் அங்கேயே விழுந்துவிட்டார்.

திட்டத்தில் இருந்தது இதுதான்: உறைந்த தோயா ஏரியின்மேல் நடை, அன்றிரவு ஏரியில் வாணவேடிக்கை, மறுநாள் வடகிழக்குக் கடலோர ஊரான அபாஷிரி போய்ப் பனிப்பாளம் மிதக்கும் கடலில் கப்பல், இரவுக்குள் சப்போரோ நகரம். கூடவே ஊதா நிற லாவெண்டர் வயல் படம் ஒன்று. அது மட்டும் எனக்கு இடித்தது, கேட்டேன். "அது சும்மா டிசைனுக்குக்கா" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நானோ அன்றிரவே பேநவ் வழியாகக் கைப்பேசியிலேயே பணம் அனுப்பினேன், அதுவும் அவர் மனைவியின் எண்ணுக்கு.

தோயாவில் இறங்கியதும் சின்னவன் படகுத்துறைக்கு ஓடினான். சுற்றிலும் பனி, ஏரி மட்டும் நீலமாக அலையடித்துக்கொண்டிருந்தது. "அம்மா, எங்க உறைஞ்சிருக்கு?" என்றான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: தோயா எரிமலை வாயில் உண்டான ஏரி, ஆழம் ஏறக்குறைய 180 மீட்டர். கோடையில் வாங்கிய சூட்டை அவ்வளவு தண்ணீரும் குளிர்காலம் முழுக்கப் பிடித்து வைத்திருப்பதால் அது உறைவதில்லை. இன்னும் ஆழமான சிகோட்சு ஏரியும் அப்படித்தான். உறைந்த ஏரியில் நடக்க வேண்டுமென்றால் கிழக்கே அகான் ஏரிக்குப் போக வேண்டும், அதுவும் ஜனவரிக்குப் பிறகு. பனியில் துளை போட்டு மீன்கூடப் பிடிக்கலாம்.

இரவு 8.45க்கு வாணவேடிக்கை என்று திட்டத்தில் நேரம்வரை போட்டிருந்தார். எட்டரைக்கே பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டி ஜன்னலோரம் நிறுத்தினேன். ஒன்பதுக்கும் ஒன்றும் நடக்காததால் கீழே போய் விசாரித்தேன். வரவேற்பில் இருந்த பெண் நாட்காட்டியை எடுத்து, அக்டோபர் 31ஐத் தொட்டு, இரண்டு கையாலும் பெருக்கல் குறி காட்டினார். வேடிக்கை ஏப்ரல் கடைசியில் தொடங்கி அன்றோடு முடிந்துவிடும். நேரம் சரியாகத்தான் போட்டிருக்கிறார், மாதம்தான் வேறு!

மறுநாள் அபாஷிரி என்றதும் ஓட்டுநர் சிரித்துவிட்டார். கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: போக மட்டும் 400 கிலோமீட்டருக்கு மேல், பனிச்சாலை, நாலு மணிக்கே இருட்டிவிடும், அங்கே இப்போது கடல் வெறும் கடல். பனிப்பாளங்கள் ஓகோட்ஸ்க் கடலின் வடக்கிலிருந்து இறங்கி வந்து சேரவே ஜனவரிக் கடைசி ஆகும், மார்ச் வரை இருக்கும். சைவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சூப்பில் மீன் சாறு இருந்தது. மாமியார் வீட்டிலிருந்து கொண்டுபோன ஊறுகாயும் வெறுஞ்சோறும் சாப்பிட்டார். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

ஒன்று சொல்ல வேண்டும், உறைந்த தோயாவையும் சைவ கேரண்டியையும் விட்டால் அவர் காட்டிய எதுவும் பொய்யில்லை. மற்றதெல்லாம் ஹொக்கைடோவில் உண்டு, ஒரே மாதத்தில் இல்லை, அவ்வளவுதான். வருஷம் முழுக்க ஒரே வெயிலும் மழையும் பார்த்து வளர்ந்த நமக்குக் குளிர்காலம் என்றால் எல்லாம் உறைந்திருக்கும் என்ற நினைப்பு. அதை அவர் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்.

நம் விடுமுறைகளை வைத்துப் பார்த்தால் ஜூன் நல்ல மாதம். ஜப்பானின் மற்ற பகுதிகளில் மழைக்காலம், ஹொக்கைடோவில் அந்தத் தொல்லை குறைவு. தோயாவில் வாணவேடிக்கையும் உண்டு. ஆனால் ஃபுரானோ ஊரின் லாவெண்டர் ஜூலையில்தான் நிறையப் பூக்கும். இலை சிவப்பது மலைமேல் செப்டம்பரில், கீழே அக்டோபரில். நவம்பர் விடுமுறைக்குப் போனால் மொட்டை மரம்தான். டிசம்பரில் பனி, வெந்நீர் ஊற்று இரண்டும் கிடைக்கும். பிள்ளைகள் அதற்கே சந்தோஷப்பட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. யார் என்ன விற்றாலும், ஒவ்வொன்றும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதி வாங்குங்கள்.

திரும்பி வந்து கேட்டதற்கு, "இயற்கைக்கு நான் என்னக்கா பண்ண முடியும்?" என்றார். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமப் பட்டியலில் தேடினேன், ஆள் இல்லை. பணம் கட்டுமுன் செய்ய வேண்டிய வேலையை ஊர் திரும்பிச் செய்திருக்கிறேன். கழகத்தில் புகார் கொடுத்துவிட்டு, சிறு கோரிக்கைகள் தீர்ப்பாயத்தில் 3,100 வெள்ளி கேட்டு மனுச் செய்தேன். வக்கீல் வைக்கவே கூடாது, 5,000 வெள்ளிவரை நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரப் படத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருந்தது கை கொடுத்தது. 2,400 வெள்ளிக்குச் சமரசமாகி, அதையும் தவணை தவணையாகத்தான் கொடுத்தார்.

போன வாரம் வேறொரு வாட்ஸ்அப் குழுவில், வேறொரு பெயரில், அதே எழுத்துருவில் ஒரு விளம்பரம் பார்த்தேன். மார்ச் பள்ளி விடுமுறைக்கு, "செர்ரிப் பூக்களுக்கு நடுவே தோயா ஏரி". அங்கே செர்ரி பூப்பது மே மாதத்தில்.